பிஎஸ்ஏ 5.2 என்று ரிப்போர்ட் வந்தால்: புராஸ்டேட் பரிசோதனை பற்றிய எளிய விளக்கம்

ரத்தப் பரிசோதனைத் தாளில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது: பிஎஸ்ஏ 5.2. பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘இயல்பு அளவு 4.0 வரை’. முழு உடல் பரிசோதனைக்குப் போன 62 வயதுக்காரர் அந்தத் தாளோடு வீடு திரும்புகிறார். புற்றுநோய் என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை, ஆனாலும் அன்றிரவு தூக்கம் போய்விடுகிறது. அந்த எண் எங்கிருந்து வருகிறது, எப்போதெல்லாம் நம்மை ஏமாற்றும், அடுத்து எந்த வரிசையில் போக வேண்டும் என்று தெரிந்திருந்தால் அந்தப் பதற்றத்தில் பெரும்பகுதி குறையும். பரிசோதனைக்குப் போகும் முன்பே தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

சுரப்பி இருக்கும் இடம்

புராஸ்டேட், ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கிறது. சிறுநீர் வெளியேறும் குழாய் இதன் நடுவே புகுந்துதான் கீழே இறங்குகிறது. இளவயதில் இதன் எடை சுமார் 20 கிராம். விந்துவில் கலக்கும் திரவத்தில் ஒரு பங்கைச் சுரப்பது இதன் வேலை. பிஎஸ்ஏ என்பது அந்தத் திரவத்தில் உள்ள ஒரு புரதம். வெளிவந்ததும் கெட்டியாக இருக்கும் விந்துவை நீர்த்துப்போகச் செய்வது அதுதான். ரத்தத்தில் அதற்கு எந்த வேலையும் இல்லை. சுரப்பியிலிருந்து கசிந்த சொற்ப அளவே அங்கே இருக்கும். சுரப்பி பெருத்தாலும், வீங்கினாலும், அதற்குள் புற்று வளர்ந்தாலும் கசிவு கூடும். எதனால் கூடியது என்று அந்த எண்ணுக்குச் சொல்லத் தெரியாது.

சுரப்பியின் உள்ளமைப்பில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வயதாக ஆக வரும் சாதாரண வீக்கம், குழாயைச் சுற்றியுள்ள உள்பகுதியில் வளர்கிறது. ஆகவே அது குழாயை நெருக்கும், சிறுநீர் போவதில் தொந்தரவு தரும். புற்றுநோயோ, 10 பேரில் சுமார் 7 பேருக்கு, மலக்குடலை ஒட்டிய வெளிப்பகுதியில் தொடங்குகிறது. குழாய்க்குத் தள்ளி இருப்பதால் ஆரம்பத்தில் அது எதையும் நெருக்குவதில்லை, எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. ‘எனக்குச் சிறுநீர் நன்றாகத்தான் போகிறது, எதற்கு டெஸ்ட்?’ என்று கேட்பவரும், ‘ராத்திரி மூன்று முறை எழுந்திருக்கிறேன், கேன்சராக இருக்குமோ?’ என்று நடுங்குபவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இரண்டும் வேறு வேறு விஷயங்கள். ஒருவருக்கே இரண்டும் சேர்ந்து இருக்கலாம், ஆனால் ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை.

சிறுநீர்த் தொந்தரவு

60 வயதை எட்டும்போது ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சாதாரண வீக்கம் இருக்கும். சிறுநீர் வரக் காத்திருப்பது, வேகம் குறைவது, விட்டுவிட்டு வருவது, முடித்த பிறகும் சொட்டுவது, மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, அடக்க முடியாத அவசரம், இரவில் எழுவது என்று இதன் முகங்கள் பல. மருத்துவர்கள் 7 கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 35. கூட்டுத்தொகை 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-ம் அதற்கு மேலும் கடுமை. கடைசியில் தனியாக ஒரு கேள்வி இருக்கும்: வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? சிகிச்சை வேண்டுமா என்பதைப் பெரும்பாலும் இந்தக் கேள்வியின் பதில்தான் முடிவு செய்யும். தொந்தரவாகத் தோன்றாத 12-க்கு மாத்திரை தேவைப்படாமல் போகலாம்.

மருத்துவரிடம் போகும் முன் மூன்று நாள் குறிப்பு எழுதி எடுத்துப்போனால் பாதி வேலை முடிந்துவிடும். அளவுக்கோடு போட்ட ஒரு குவளையில் ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லி போனது, எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தீர்கள் என்று எழுதுங்கள். 24 மணி நேரத்தில் போகும் மொத்தச் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் தூங்கும் நேரத்தில் போனால், குற்றவாளி புராஸ்டேட்டாக இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். கால் வீக்கம், இதயக் கோளாறு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, இரவில் தாமதமாகக் குடிக்கும் திரவம் என்று வேறு இடத்தில் தேட வேண்டும். இதைப் பார்க்காமல் புராஸ்டேட் மாத்திரையை மட்டும் வருடக்கணக்கில் விழுங்கி, இரவில் எழுவது மட்டும் குறையாமல் இருப்பவர்கள் நிறைய.

மாத்திரைகள் இரண்டு வகை. டாம்சுலோசின் போன்றவை குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும். சில நாட்களிலேயே பலன் தெரியும். சட்டென்று எழுந்து நின்றால் தலைச்சுற்றல் வரலாம், விந்து வெளியேறுவது குறையலாம். கண்புரை அறுவைக்குப் போகிறவர் இந்த மாத்திரை சாப்பிடுவதை, முன்பு சாப்பிட்டதாக இருந்தாலும், கண் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அறுவையின்போது கருவிழிப்படலம் தொய்ந்துபோய்ச் சிக்கலாகும். இரண்டாவது வகை ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு. இவை சுரப்பியையே சுருக்கும், ஆனால் ஆறு மாதமாவது ஆகும். இந்த இரண்டாம் வகை பிஎஸ்ஏ எண்ணையும் மாற்றிவிடும். அதைக் கீழே பார்ப்போம்.

வீக்கம் உள்ளவர்கள் சளி மாத்திரையில் கவனமாக இருக்க வேண்டும். மூக்கடைப்பை நீக்கும் சூடோஎஃபெட்ரின், தூக்கம் வரவைக்கும் பழைய வகை ஒவ்வாமை மருந்துகள் ஆகியவை சிறுநீரை அடியோடு அடைத்துவிடக்கூடும். அடிவயிறு உப்பி, வலித்து, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அது அவசர நிலை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக் கூடாது. சிறுநீரில் ரத்தம் ஒரே ஒரு முறை கண்ணில் பட்டு நின்றுவிட்டாலும் காட்ட வேண்டும்.

ரத்தம் கொடுப்பதற்கு முன்

தவறான எண்ணில் பெரும்பகுதி ஆய்வகத்தில் உருவாவதில்லை, தவறான நாளில் ரத்தம் கொடுப்பதால் வருகிறது. இவற்றைச் சரிபாருங்கள்:

- சிறுநீர்த் தொற்று அல்லது புராஸ்டேட் அழற்சி இருந்தால், குணமாகி 6 வாரம் கழித்து. தொற்றின்போது பிஎஸ்ஏ பல மடங்கு ஏறும். 30, 40 கூட வரலாம்.
- விந்து வெளியேறி 48 மணி நேரம் கழித்து.
- நீண்ட நேரம் சைக்கிள் ஓட்டுவது போன்ற கடும் உடற்பயிற்சியிலிருந்தும் 48 மணி நேரம்.
- பயாப்ஸி (ஊசியால் திசுத் துண்டு எடுத்துச் செய்யும் சோதனை) செய்திருந்தால் 6 வாரம். சிறுநீர்க் குழாய் போட்டவர், சிறுநீர் அடைத்துப் போனவர் ஆகியோரும் சில வாரம் தள்ளிப்போட வேண்டும்.
- மருத்துவர் மலக்குடலில் விரல் விட்டுப் பரிசோதிக்கப் போகிறார் என்றால் ரத்தத்தை அதற்கு முன்பே கொடுத்துவிடுவது எளிது.

வெறும் வயிறு தேவையில்லை. எந்த ஆய்வகத்தில் முதலில் கொடுத்தீர்களோ, முடிந்தவரை அதே இடத்திலேயே அடுத்த முறையும் கொடுங்கள். வெவ்வேறு கருவிகள் ஒரே ரத்தத்துக்கு வெவ்வேறு எண்ணைக் காட்டும். அந்த வித்தியாசத்தை ‘ஏறிவிட்டது’ என்று எடுத்துக்கொண்டால் வீண் கலக்கம்.

இனி மாத்திரை விஷயம். ஃபினாஸ்டெரைடு அல்லது டூட்டாஸ்டெரைடை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் எடுத்தவருக்கு பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகிவிடும். அவருக்கு 2.6 என்று வந்தால் அதை 5.2 ஆகக் கணக்கிட வேண்டும். தாளில் தடித்த எழுத்து இருக்காது. ‘இயல்பு’ என்றே இருக்கும். தலைமுடி உதிர்வதற்குக் கொடுக்கும் 1 மில்லிகிராம் ஃபினாஸ்டெரைடும் இதையே செய்யும். முடிக்குச் சாப்பிடும் மாத்திரையை யாரும் சிறுநீரகவியல் மருத்துவரிடம் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல். இந்த மருந்தில் இருக்கும்போது, இறங்கி நின்ற எண் மறுபடி ஏறத் தொடங்கினால், ஏறிய எண் சிறியதாகத் தெரிந்தாலும் அதைக் கவனிக்க வேண்டும்.

எண்ணை எப்படிப் படிப்பது

ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை நானோகிராம் என்பதே அளவு. 4.0 என்ற எல்லை வசதிக்காக வைத்த கோடு. அதற்கு மேல் நோய், கீழே சுகம் என்று உடல் அந்தக் கோட்டில் பிரிந்துகொள்வதில்லை. 4-க்கும் 10-க்கும் இடையே உள்ளவர்களில் பயாப்ஸி செய்தால் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கே புற்றுநோய் இருந்தது. இன்னொரு பக்கம், அமெரிக்காவில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், 4.0-க்குக் கீழே இருந்த முதியவர்களுக்கும் பயாப்ஸி செய்து பார்த்தபோது சுமார் 15 சதவீதத்தினருக்குப் புற்று இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை தீவிரம் குறைந்தவை.

வயதாக ஆகச் சுரப்பி பெருப்பதால் எண்ணும் தானாக ஏறும். பிரிட்டன் வழிகாட்டுதலில், அறிகுறியோடு வருபவரை நிபுணரிடம் அனுப்பும் எல்லை வயதுக்கு ஏற்ப மாறுகிறது: 40 முதல் 49 வரை 2.5, 50 முதல் 59 வரை 3.5, 60 முதல் 69 வரை 4.5, 70 முதல் 79 வரை 6.5. ஆக 5.2 என்ற எண் 48 வயதுக்காரருக்குச் சொல்லும் செய்தி வேறு, 75 வயதுக்காரருக்குச் சொல்வது வேறு.

அடுத்தடுத்த படிகள்

முதல் படி, சில வாரம் கழித்து, மேலே சொன்ன நிபந்தனைகளோடு, மறுபடியும் ரத்தம் கொடுப்பது. ஒரு முறை கூடுதலாக வந்தவர்களில் கணிசமானோருக்கு மறுமுறை இயல்பாகிவிடும். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு நேராகப் பயாப்ஸிக்கு ஓடுவது, எங்கள் கருத்தில், இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கும் பெரிய அவசரம். விதிவிலக்கு உண்டு: எண் மிக அதிகமாக இருந்தாலோ, விரல் பரிசோதனையில் கல் போன்ற கட்டி தட்டுப்பட்டாலோ காத்திருப்பதில் பொருளில்லை. ‘தொற்றாக இருக்கலாம்’ என்று எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து எண்ணை இறக்கிப் பார்க்கும் பழக்கமும் உண்டு; அதில் பயனில்லை.

மறுமுறையும் கூடுதலாகவே வந்தால், அந்த எண் எவ்வளவு பெரிய சுரப்பியிலிருந்து வருகிறது என்று பார்ப்பது அறிவுள்ள கேள்வி. ஸ்கேனில் தெரியும் கொள்ளளவால் பிஎஸ்ஏவை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். நம் 62 வயதுக்காரரின் சுரப்பி 60 மில்லி என்றால் 5.2-ஐ 60-ஆல் வகுக்க 0.087. பெரிய சுரப்பி, அதற்கேற்ற கசிவு. அதே 5.2 ஒரு 25 மில்லி சுரப்பியிலிருந்து வந்தால் 0.21. சிறிய சுரப்பி இவ்வளவு கசியக் காரணம் வேண்டும். 0.15-க்கு மேல் போனால் சந்தேகம் வலுக்கிறது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். ஒரு தாளில் பேனாவால் போட்டுவிடக்கூடிய இந்தக் கணக்கைப் பல ரிப்போர்ட்டுகளில் யாரும் போட்டிருப்பதில்லை. ஸ்கேன் தாளில் கொள்ளளவு இருந்தால் நீங்களே போட்டுப்பார்த்து மருத்துவரிடம் கேளுங்கள்.

ரத்தத்தில் வேறு புரதத்தோடு ஒட்டாமல் தனித்துத் திரியும் பிஎஸ்ஏ, மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்ற விகிதமும் 4-க்கும் 10-க்கும் இடைப்பட்ட எண்ணில் உதவும். 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆறுதல், 10-க்குக் கீழே இருந்தால் கவலை. ரத்தத்தை எடுத்துவிட்டு மணிக்கணக்கில் வைத்திருந்தால் இந்த விகிதம் பொய்யாகக் குறையும்.

அடுத்த படி எம்ஆர்ஐ. பயாப்ஸிக்கு முன்பே இதை எடுப்பதுதான் இப்போதைய நடைமுறை. பயாப்ஸி செய்த பிறகு எடுத்தால் உள்ளே தேங்கிய ரத்தம் படத்தைக் குழப்பும். பார்ப்பவர் சந்தேகத்தை 1 முதல் 5 வரை மதிப்பிடுவார். 1, 2 என்றால் தீவிரமான புற்று இருக்க வாய்ப்பு குறைவு. அடர்த்தியும் குறைவாக இருந்தால் பலர் பயாப்ஸியைத் தவிர்த்து, எண்ணை மட்டும் கண்காணிக்கலாம். 4, 5 என்றால் பயாப்ஸி தேவை. 3 என்பது இரண்டுக்கும் நடுவே தொங்குவது. அடர்த்தி, குடும்ப வரலாறு எல்லாம் சேர்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

பயாப்ஸியில் மெல்லிய ஊசியால் பொதுவாக 12 இடங்களிலும், எம்ஆர்ஐயில் தெரிந்த இடத்திலும் நூல் போன்ற திசுத் துண்டுகளை எடுப்பார்கள். மலக்குடல் வழியாகவும் செய்யலாம், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோல் வழியாகவும் செய்யலாம். இரண்டாவது வழியில் தொற்று அபாயம் குறைவு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது. சிறுநீரில் சில நாளும், விந்துவில் சில வாரங்களும் ரத்தம் தெரிவது வழக்கமானது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மட்டும் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம்.

‘கேன்சர்’ என்று வந்த பிறகும் ஒரு கேள்வி இருக்கிறது

திசு ரிப்போர்ட்டில் 3+3=6, 4+3=7 போன்ற எண்கள் இருக்கும். 1960-களில் டொனால்ட் கிளீசன் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் வகுத்த முறை இது. செல்கள் எவ்வளவு தாறுமாறாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கான மதிப்பெண். நடைமுறையில் 6 தான் மிகக் குறைந்த அளவு. 10-க்கு 6 என்று படித்துவிட்டுப் பாதிக்கு மேல் முற்றிவிட்டதாகப் பலர் நினைத்துக்கொண்டதால், இப்போது 1 முதல் 5 வரை தொகுதி எண்ணும் சேர்த்து எழுதுகிறார்கள்: 6 என்றால் தொகுதி 1; 3+4 தொகுதி 2; 4+3 தொகுதி 3; 8 தொகுதி 4; 9, 10 தொகுதி 5. இரண்டு ஏழும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். முதலில் வரும் எண் அதிகமாகப் பரவியுள்ள அமைப்பைக் குறிக்கிறது. ஆகவே 4+3 கூடுதல் தீவிரமானது.

தொகுதி 1-க்குப் பெரும்பாலும் உடனடி அறுவையோ கதிர்வீச்சோ தேவைப்படாது. கண்காணிப்பு என்ற வழி உண்டு: ஆறு மாதத்துக்கொரு முறை பிஎஸ்ஏ, குறித்த இடைவெளிகளில் எம்ஆர்ஐ, தேவைக்கேற்ப மறு பயாப்ஸி, தீவிரம் கூடினால் அப்போது சிகிச்சை. இதைக் கேட்டதும் குடும்பத்தார் ‘கேன்சரை உள்ளே வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா?’ என்று கொதிப்பது இயல்பு. பிரிட்டனில் 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று குழுவாகப் பிரித்து 15 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. எல்லோருமே பிஎஸ்ஏ மூலம் கண்டறியப்பட்டு, நோய் சுரப்பிக்குள்ளேயே இருந்தவர்கள். புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மொத்தத்தில் 2.7 சதவீதம், மூன்று குழுவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் நோய் வேறு இடத்துக்குப் பரவியது கண்காணிப்புக் குழுவில் 9.4 சதவீதம், அறுவைக் குழுவில் 4.7 சதவீதம். இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மறுபக்கத்தில், அறுவைக்குப் பின் சிறுநீர்க் கசிவும் விறைப்புக் குறைவும், கதிர்வீச்சுக்குப் பின் மலக்குடல் தொந்தரவும் சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும்.

யாருக்கு, எந்த வயதில்

ஐரோப்பாவில் 1,62,000 பேருக்கு மேல், 55 முதல் 69 வயது வரையிலானவர்களிடம் நடந்த ஆய்வை 23 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2025-ல் கணக்குப் பார்த்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் புராஸ்டேட் புற்றுநோய் மரணம் 13 சதவீதம் குறைந்தது. வேறு விதமாகச் சொன்னால், அழைக்கப்பட்ட 456 பேருக்கு ஒரு மரணம் தவிர்க்கப்பட்டது. கூடுதலாக நோய் கண்டறியப்பட்ட 12 பேருக்கு ஒரு மரணம். மற்ற 11 பேரில் பலருக்குத் தெரியாமலே இருந்திருந்தாலும் கேடு வந்திருக்காது. பலன் உண்மையானது, அதற்குக் கொடுக்கும் விலையும் உண்மையானது. அதனால்தான் 55 முதல் 69 வயது வரை ‘மருத்துவரிடம் பேசி நீங்களே முடிவெடுங்கள்’ என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2018-ல் சொன்னது. சந்தேகப் படம் வந்தால் பயாப்ஸிக்கு நீங்கள் தயாரா, தீவிரம் குறைந்த புற்று என்றால் கண்காணிப்போடு நிம்மதியாக இருக்க முடியுமா என்பதை ரத்தம் கொடுக்கும் முன்பே யோசித்துவிடுங்கள்.

சராசரி அபாயம் உள்ளவர் இந்தப் பேச்சை 50 வயதில் தொடங்கலாம். அப்பாவுக்கோ உடன்பிறந்த சகோதரருக்கோ இந்த நோய் வந்திருந்தால் அபாயம் இரு மடங்குக்கு மேல். 45 அல்லது 40-லேயே தொடங்குவது நல்லது. ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் அப்படியே. பலரும் தவறவிடுவது தாய்வழி வரலாறு: அம்மா, சகோதரி, சித்தி ஆகியோருக்கு மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் பிஆர்சிஏ2 என்ற மரபணுப் பிழை குடும்பத்தில் ஓடலாம், அது ஆணுக்கு வந்தால் தீவிரமான புராஸ்டேட் புற்றாக வெளிப்படக்கூடும். மருத்துவர் குடும்ப வரலாறு கேட்கும்போது அப்பா பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

எல்லோரும் வருடாவருடம் செய்யத் தேவையில்லை. 60 வயதில் எண் 1-க்குக் கீழே இருந்தால், பின்னாளில் இந்த நோயால் இறக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. பல வருட இடைவெளி விடலாம். கூடுதலாக இருப்பவருக்கு ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கொரு முறை. இடையில் ‘புராஸ்டேட்டுக்கு நல்லது’ என்று விற்கும் மாத்திரைகளை நம்ப வேண்டாம். சுமார் 35,000 பேரிடம் வைட்டமின் ஈ, செலினியம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்ட குழுவில் புராஸ்டேட் புற்று 17 சதவீதம் கூடியது. செலினியம் எதையும் தடுக்கவில்லை.

நிறுத்துவதற்கும் ஒரு வயது உண்டு. இந்தப் புற்று பெரும்பாலும் மெதுவாக வளர்வதால், கண்டுபிடித்ததன் பலன் தெரியவே 10 வருடத்துக்கு மேல் ஆகும். 70 வயதைத் தாண்டியவருக்கு வழக்கமான பரிசோதனையை அந்த அமெரிக்கக் குழு பரிந்துரைக்கவில்லை. திடகாத்திரமான 72 வயதுக்காரருக்கு மட்டும் சில மருத்துவர்கள் விதிவிலக்கு தருவார்கள். 82 வயதில், இதய நோயும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவருக்கு முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் பிஎஸ்ஏவும் சேர்ந்து வந்தால், அதை நீக்கச் சொல்லலாம். ஆனால் இது அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு. அதே வயதில் புதிதாக முதுகெலும்பு வலியோ, காரணம் தெரியாத எடைக்குறைவோ வந்தால் அப்போது பிஎஸ்ஏ பார்ப்பது நோயைக் கண்டறியும் சோதனை. அதற்கு வயது வரம்பு இல்லை. முதுகுவலியோடு கால் வலுவிழந்தால் அன்றைக்கே போக வேண்டும்.